இரண்டு முகவரி, ஒரு பட்டியல்

செவ்வாய்க்கிழமை.

எங்கள் ரத்ததான இணையதளத்துக்கு இரண்டு முகவரிகள். முன்னால் மூன்று டபிள்யூ போட்டால் கொடையாளர்களின் பழைய பட்டியல் வரும்; போடாவிட்டால் புதியது. எல்லாரையும் புதியதற்கே திருப்பிவிட சர்வரில் நாலு வரி எழுதினால் போதும். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டேன்.

இன்று காலை திண்டிவனத்திலிருந்து ரஃபி என்பவர் நன்றி சொல்ல அழைத்தார். நேற்று அவர் தங்கைக்குப் பிரசவம். ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டிருக்கிறது. பழைய பட்டியலில் இருந்த குமாரின் எண்ணுக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தது குமாரின் மனைவி.

"அவரு தவறிப்போயி ஒரு வருஷம் ஆவுதுங்கன்னாங்க. அப்புறம் அவங்களே, 'எனக்கும் அதே குரூப்புதான், விழுப்புரத்துலேர்ந்து பஸ் ஏறி ஜல்தியா வர்றேன்'னாங்க."

தாயும் பிள்ளையும் நலம்.

போனை வைத்ததும் அந்த நாலு வரியை எழுதினேன். இரண்டு முகவரியையும் அடித்துப் பார்த்தேன். புதிய பட்டியல்தான் வருகிறது.

மாலையில் குமாரின் மனைவியை அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

"ரொம்ப நாள் கழிச்சு அவரைக் கேட்டு ஒருத்தர் போன் பண்ணாருங்க," என்றார். "பேரை எடுத்துட்டீங்களா?"

எடுத்துவிட்டேன் என்றேன்.

"சரிங்க. இந்த நம்பருக்கு என் பேரைப் போட்டுக்கோங்க."