சுண்டுவிரல் பட்ட இடம்

1989 ஜனவரி 14

மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பெட்டி வந்தது. புவெனஸ் அயர்ஸிலிருந்து. என் அக்கா ஃபுவென்சாந்தாவின் கிதார். போன அக்டோபரில் அவள் செத்துப்போனதாக அவள் புருஷன் வழி உறவு யாரோ எழுதியிருந்தான். நான் பதில் போடவில்லை. இன்று என் மகள் பியேதாத் என்னைக் கேட்காமலே பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

"உங்க கூடப் பொறந்தவங்கம்மா. வாசல்லயா போட்டு வைக்க முடியும்?"

"அவ என்னை மேடை வாசல்லதான விட்டுட்டுப் போனா."

நான் பள்ளிக்கூடம் போனது மூன்று வருடம். ஆனால் எனக்கு மறக்கத் தெரியாது. மாட்ரிட், நாற்பத்தொன்பது, மே மாதம். சல்செதோ சகோதரிகள், இரண்டு கிதார். நான் பாட்டை எடுக்கும் முதல் பாகம், அவள் கூடவே தாங்கி வாசிக்கும் இரண்டாம் பாகம். இரண்டு நாற்காலி போட்டாகிவிட்டது, அவள் வரவில்லை. அர்ஜென்டினாக்காரனோடு கப்பலேறிவிட்டாள். பாதிப் பாட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதோடு என் கச்சேரி முடிந்தது. நாற்பது வருடமாக இந்த கிரனாதாவில் ஊரார் பிள்ளைகளின் விரலைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாட்டியும் ஆகிவிட்டேன்.

ஜனவரி 15

பெட்டியைத் திறந்தேன். கிதாரைத் தூரதேசம் அனுப்புகிறவன் கம்பிகளைத் தளர்த்தி அனுப்புவான். இல்லாவிட்டால் கழுத்து வளையும், பலகை பிளக்கும். அனுப்பிய மடையன் அதைச் செய்யவில்லை. பெட்டி பனிக்கட்டி மாதிரி இருந்தது. ஆனால் ஒரு கீறல் இல்லை.

கட்டைவிரலால் தடவினேன். சுருதி சுத்தமாக இருந்தது. ஆறாவது கம்பி மட்டும் ஒரு சுரம் இறக்கி வைத்திருந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து வாசித்த கடைசி உருப்படிக்கு அப்படித்தான் இறக்குவோம்.

ஆறையும் தளர்த்திச் சுவரில் மாட்டினேன்.

பிப்ரவரி 2

நகரசபையிலிருந்து தோன் அன்செல்மோ வந்தார். ஏப்ரலில் எனக்குப் பாராட்டு விழா, நான் தனியாக மேடையில் வாசிக்க வேண்டுமாம்.

"போஸ்டர்ல சல்செதோ சகோதரிகள்னு போட்டா பழைய ஆளுங்க எல்லாம் வருவாங்க, டீச்சரம்மா."

"வந்து தூங்குவாங்க. என் பேர் மட்டும் போடுங்க. முடியாதுன்னா வேற கிழவியப் பாத்துக்குங்க."

மீசையைத் தடவிக்கொண்டு சரி என்றார். விர்தூதெஸ் சல்செதோ. அவ்வளவுதான். சாகிறதற்கு முன்னால் எனக்கு வேண்டியது இது ஒன்றுதான். அவள் பெயர் பொடி எழுத்தில்கூட இருக்கக் கூடாது.

அதே உருப்படியைத்தான் வாசிக்கப்போகிறேன். முதல் பாகத்தை மட்டும், தனியாக. பாட்டு இருப்பது அதில்தான். இரண்டாம் பாகம் வெறும் சுமைதாங்கி.

பிப்ரவரி 20

சுவரில் மாட்டியது மறுபடி சுருதியில் இருக்கிறது. ஆறாவது கம்பி இறக்கி.

மார்ச் 7

கசில்டாவுக்குப் பாடம். மருந்துக்கடைக்காரி, வாய் அதிகம். சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றுகிற பழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை. அப்படி ஊன்றினால் மற்ற விரல்கள் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். இந்த மாதிரி ஆட்களுக்கு நான் கம்பிக்குக் கீழே பலகையில் முகப்பவுடர் தூவிவிடுவேன். பொய் சொல்ல முடியாது, விரல் பட்ட இடம் காட்டிக்கொடுக்கும்.

எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த நாவிதர் அப்படித்தான் ஊன்றுவார். நான் அதை விட்டேன். ஃபுவென்சாந்தா கடைசிவரை விடவில்லை.

நான் வாசித்துக் காட்டும்போது கசில்டா சிரித்தாள். "எனக்குப் பவுடர் பூசுனீங்க, சரி. உங்க சுண்டுவிரல் எங்க இருக்கு, பாத்தீங்களா?"

பலகையின் மேல் இருந்தது.

"வயசாகுது."

"ஊனுனா வெரல ஒடச்சிடுவேன்னு சொன்னது யாரு டீச்சர்?"

மார்ச் 12

மத்தியானம் சன்னல் பலகைகளைச் சாத்தினேன். என் கிதாருக்கும் பவுடர் தூவினேன். சுவரில் இருந்ததைக் கழற்றிக் கட்டிலில் மல்லாக்கக் கிடத்தி அதற்கும் தூவினேன். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்தில் படுத்தேன்.

எழுந்து போய்ப் பார்த்தால் என்னுடையது அப்படியே இருந்தது. கட்டிலில் இருந்ததில், கம்பிக்குக் கீழே, வட்டமாக ஒரே ஒரு இடம். ரேகைகூடத் தெரிந்தது.

பியேதாத்தா? அவள் கிதாரைத் தொடமாட்டாள். சின்ன வயதில் தொட்டதற்கு நான் அடித்த அடி அப்படி. சாவியும் என்னிடம்தான் இருந்தது. பின்னே யார்?

மார்ச் 30

முதல் பாகம் வரவில்லை.

எனக்கா? என் கல்யாணத்தில் கறிக்கடைக்காரன் பெண்டாட்டி என் செருப்பைப் பற்றி என்ன சொன்னாள் என்பதுவரை வைத்திருக்கிறவள் நான். உட்கார்கிறேன், கை வைக்கிறேன், விரல் வேறெங்கோ போகிறது. வருவதெல்லாம் இரண்டாம் பாகம். தொடக்கத்திலிருந்து முடிவுவரை, ஒரு பிசிறு இல்லாமல். அதை நான் கற்றதே இல்லையே. ஒரு நாளும் கற்றதில்லை. இந்தக் கைக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது?

சுமைதாங்கியை மட்டும் தூக்கிக்கொண்டு போய் மேடையில் வைக்கவா?

ஏப்ரல் 9

அந்தக் கிதாரைக் கன்னிமாடத்துக்குக் கொடுத்துவிடு என்று பியேதாத்திடம் சொன்னேன். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"தெனமும் மத்தியானம் நீங்கதானம்மா அதை எடுத்து வாசிக்கிறீங்க?"

"நான் தூங்குறேன்டி."

"தூங்கலம்மா. பக்கத்து வீட்ல கேக்குறாங்க, அம்மாகூட யாரு வாசிக்கிறதுன்னு. கசில்டாவா இருக்கும்னு சொல்லி வெச்சிருக்கேன்."

எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்று நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 15

போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். என் பெயர் மட்டும். யாரும் பார்க்காதபோது தொட்டுப் பார்த்தேன்.

ஏப்ரல் 22

கார் வந்துவிட்டது. என் கிதாரைத்தான் எடுத்துப் போகிறேன். அவளிடம் சொல்லிவிட்டேன் — ஆமாம், சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன். நீ வராதே. ஒரு தடவை வராமல் இருந்தாயே, அதே மாதிரி இன்றைக்கும் வராமல் இரு.

ஏப்ரல் 23

கச்சேரி நன்றாக நடந்தது. மண்டபம் நிறைந்து பின்னால் நின்றுகொண்டும் கேட்டார்கள். மருந்துக்கடைப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு கிதார்தான் டீச்சர் பாத்தேன். ரெண்டு கேட்டுச்சு."

தங்கை முதல் பாகத்தை அழகாக எடுத்தாள். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் குழைவு போகவில்லை. போஸ்டரில் என் பெயரைப் போடவில்லை. பரவாயில்லை. அவளுக்கு அந்த மனத்தாங்கல் இருக்கும்தானே.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். ட்ராம் தண்டவாளத்தை எப்போது பெயர்த்தார்கள் என்று பியேதாத்திடம் கேட்டேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண். எனக்குத்தான் பிள்ளை பிறக்கவில்லை.

காலையில் சமையலறையிலிருந்து, "சூப்புக்கு உப்பு பாருங்கம்மா" என்று குரல் கொடுத்தாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

போய்ப் பார்த்தேன். சரியாக இருந்தது.