வரிசையில் முதல் ஆள்

மார்ச் 12

தில்ரூபா அண்ணியோடு சேலைக் கடைக்குப் போனேன். வாசலிலேயே பலகை: ‘இங்கே ஜகாத் சேலை கிடைக்கும்.’ நோன்பு மாதத் தானத்துக்காக ஏழைக்கென்றே தனியாக நெய்கிறார்கள். துணிக்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரிகிறது. அண்ணி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “இதவிட மட்டமா இருக்கா?”

“இதவிட மட்டம்னா கொசுவலைதான்மா” என்றான் கடைக்காரன். கொசுவலையாவது ஒரு வருஷம் உழைக்கும்.

மார்ச் 15

மைமன்சிங் ஊர் தாலுக்தார் வீட்டில் என் மகள் ஷியூலியைப் பெண் கேட்கிறார்கள். இந்த டாக்கா பங்களாவைப் பார்த்துத்தான். புருஷன் போனபின் பெரியப்பா மகனான அண்ணன் வீட்டு மாடியறையில் ஒண்டியிருக்கிறோம் என்று நானும் சொல்லவில்லை. சமையலைக் கவனித்துக்கொள்கிறேன் என்றேன். பொய்யில்லையே. சமைக்கிறவளே நான்தான்.

மார்ச் 16

தாலுக்தார் அம்மா, மாப்பிள்ளையைப் பெற்றவள், போனில் மூன்று தலைமுறைப் பெருமை அளந்தாள். யானை இருந்ததாம். கேட்டு வைத்தேன்.

மார்ச் 27

இன்று ஜகாத் கொடுக்கும் நாள். அண்ணியின் முத்துமாலை, வீடியோக்காரன், சேலை மூட்டை எல்லாம் தயார். வாங்கத்தான் ஆளில்லை. போன வருஷச் சேலை முதல் துவைப்பிலேயே நைந்துபோனது ஊருக்கே தெரியும். அடுத்த தெருவில் அரிசியும் எண்ணெயும் கொடுக்கிறார்களாம். எங்கள் காவலாளியே அங்கே போய்விட்டான். நல்ல காரியம் செய்தான்.

வந்த நாலைந்து பேரை வைத்து வீடியோ எடுத்தால் எடுபடாதாம். “ஹாஸ்னா, நீ போய் முன்னாடி நில்லு.”

“நானா அண்ணி?”

“முக்காடு போட்டுக்கோ, யாருக்குத் தெரியப்போகுது? நம்ம வீட்டு மனுஷிதானே நீ.”

நம்ம வீட்டு மனுஷியாம்! நின்னேன். ஏன் நின்னேன்? மாட்டேன்னு சொல்லிட்டுப் பொண்ணோட எங்க போறது? ரெண்டு கையாலயும் வாங்குன்னு வேற சொல்றா. நிமிர்ந்தேன் — முக்காடு நழுவிப்போச்சு.

மார்ச் 28

அண்ணி வீடியோவை ஊர் பார்க்கப் போட்டுவிட்டாள். என் முகம் பளிச்சென்று தெரிகிறது. ஷியூலி நோன்பு திறக்கத் தண்ணீர் மட்டும் குடித்தாள். “அவங்க பார்த்தா அவ்வளவுதான், இல்லம்மா?” பேரீச்சம்பழத் தட்டை அவள் பக்கம் தள்ளினேன். இந்த வீட்டுச் சுவரைக்கூட வெறுக்கிறேன்.

மார்ச் 29

மைமன்சிங்கிலிருந்து போன் இல்லை.

மார்ச் 31

பெருநாள். பாயசம் கிண்டிக்கொண்டிருக்கும்போது போன். தாலுக்தார் அம்மா.

“வீடியோவுல உங்களப் பார்த்தோம்.”

அடுப்பை அணைத்தேன். விளையாட்டுக்கு நின்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“முதல் சேலையே உங்களுக்குத்தான் குடுத்தாங்க, கவனிச்சேன். அடுத்த வருஷம் நாங்களும் சேலை வாங்க வரணும்னா யாரப் பிடிக்கணும்?”

சிரித்திருக்கலாம். அழுதாவது இருக்கலாம்.

“என்னைத்தான்” என்றேன், அப்படியே அண்ணி பேசுகிற மாதிரி. “முதல்ல கல்யாணத் தேதிய வைங்க.”