தலைவர் ஊரில் இல்லாத வாரம்

தலைநகர்,
14 செப்டம்பர் 1995

அன்புள்ள அக்கா எர்மினியாவுக்கு,

நேற்று பதவியேற்றுக்கொண்டேன். உன் தம்பி இனி மாகாண அரசின் துணைத் தலைவர். நம் கட்சிக்கு மூன்றே இடம்தான். ஆனால் அந்த மூன்று இல்லாமல் பெரிய கட்சியால் ஆட்சி அமைக்க முடியவில்லை. பதிலுக்கு நான் கேட்டது ஒன்றுதான். நம் ஊர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவை மூடக்கூடாது. தலைவர் என் தோளில் கைபோட்டு, "உங்க அத்தான் படுக்கிற கட்டில யாரும் நகர்த்த மாட்டாங்க, லெயாந்த்ரோ. நானாச்சு" என்றார். அத்தானிடம் சொல். இனிக் கவலையில்லாமல் தூங்கட்டும்.

உன் தம்பி,
லெயாந்த்ரோ

வால்தெர்கா,
2 அக்டோபர் 1995

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதத்தை நம் ஒயின் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அன்றைக்கு ஒயினுக்கு யாரிடமும் காசு வாங்கவில்லை. உன் அத்தான் ஃபெர்மினுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "துணைத் தலைவர்னா என்ன வேலை? தலைவருக்கு அரிச்சா இவன் சொறிஞ்சு விடணுமா?" என்றார். வாரத்தில் மூன்று நாள் எந்திரத்தோடு கட்டிப்போட்ட மனுஷனுக்கு அந்த வாய் ஒன்றுதான் மிச்சம்.

ஒரு விஷயம். இனிப் புதுக் குழாய், ஊசி எதுவும் கேட்டு எழுத வேண்டாம் என்று நர்ஸிடம் மேலிடத்தில் சொன்னார்களாம். கொஞ்சம் விசாரி. இங்கே மூடிவிட்டால் அவர் தலைநகருக்குத்தான் வர வேண்டும், அதற்குக் கணவாயைத் தாண்ட வேண்டும். பனி விழுந்தால் அங்கே ஆடுகூட ஏறாது. குளிர்காலத்துக்குப் பன்றி அடித்து எல்லோரும் கூடும் நாளுக்காவது ஊருக்கு வந்து சேர்.

அன்புடன்,
அக்கா

தலைநகர்,
6 நவம்பர் 1995

அன்புள்ள அக்கா,

பன்றி அடிக்க வர முடியாது போலிருக்கிறது. பாலாடைக்கட்டிக் கண்காட்சி, பாலத் திறப்பு, யாரோ முன்னாள் மந்திரியின் அடக்கம். தலைவருக்குப் போக மனமில்லாத இடமெல்லாம் என் தலையில் விழுகிறது. மந்திரிசபையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. கோப்புகள் வரும்போதே முடிவோடு வருகின்றன. டயாலிசிஸ் பற்றிக் கேட்டேன். "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றார்.

ஒரு நல்ல செய்தி. அடுத்த வாரம் அவர் அர்ஜென்டினா போகிறார், அங்கே குடியேறிய நம் மக்களைப் பார்க்க. திரும்பும் வரை நான்தான் தலைவர். அரசிதழிலேயே வரும், பார்.

உன் தம்பி,
லெயாந்த்ரோ

வால்தெர்கா,
20 நவம்பர் 1995

லெயாந்த்ரோ,

நீ தற்காலிகத் தலைவர் என்று வந்த அரசிதழை உன் அத்தான் கடைச் சுவரில் ஒட்டினார். அந்தப் பசை காய்வதற்குள் மேயர் அடுத்த இதழோடு வந்துவிட்டார். டிசம்பர் முதல் நம் டயாலிசிஸ் பிரிவு கிடையாது. நோயாளிகள் ஆம்புலன்ஸில் தலைநகருக்குப் போக வேண்டும். கீழே, "தலைவருக்காக, துணைத் தலைவர்" என்று உன் பெயர்.

"படிக்காம கையெழுத்துப் போட்டிருப்பான், விடு" என்கிறார் உன் அத்தான். படிக்காமல்தான் போட்டாயா?

அக்கா

தலைநகர்,
24 நவம்பர் 1995

அக்கா,

முழுவதும் படித்தேன். தலைவர் விமானம் ஏறிய மறுநாள் அது என் மேஜையில் இருந்தது. "இதுக்காகத்தான் ஐயா அவரு இந்த வாரம் கிளம்பினதே. நீங்க போடலேன்னா கூட்டணி உடையும். உங்க ஊருக்குக் கணவாயில வெட்டறதாச் சொன்ன சுரங்கப்பாதையும் போச்சு" என்றார் தலைவரின் செயலாளர். நான் விலகினால் எனக்குப் பின் வருகிறவன் போடுவான். உள்ளே இருந்தால் சுரங்கப்பாதையையாவது வாங்கித் தரலாம் என்று நினைத்தேன். அது வந்துவிட்டால் அத்தானுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். அதுவரை அவர் என் வீட்டில் தங்கட்டும். பதில் எழுது, அக்கா.

லெயாந்த்ரோ

வால்தெர்கா,
9 ஜனவரி 1996

லெயாந்த்ரோ,

டிசம்பர் தொடங்கி மூன்று வாரம் உன் அத்தான் தலைநகருக்குப் போய்வந்தார். திரும்பி வந்ததும் வாந்தி. ஒரு வாய் சூப்கூடத் தங்கவில்லை. கிறிஸ்துமஸ் வாரம் பனி கொட்டியது, ஆம்புலன்ஸ் கணவாயிலிருந்தே திரும்பிவிட்டது. உன் வீட்டில் தங்கச் சொல்லி நானே கெஞ்சினேன். "அங்க செத்தா என்னை எவன்டி தூக்கிட்டு வருவான், கணவாய் மூடிக் கெடந்தா?" என்று சிரித்தார். வெள்ளிக்கிழமை வழி திறந்து ஆம்புலன்ஸ் வந்தது. டிரைவரை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்து, வெறும் வண்டியோடு அனுப்பிவிட்டார். "போதும் எர்மினியா. இனி நான் எங்கயும் போகல." ஒரு வாரம் தாங்கினால் பெரிது என்கிறார் டாக்டர்.

அவருக்கு உன் மேல் கோபமில்லை. "பாவம், அவன அங்க தனியா மாட்டிவிட்டுட்டானுங்க" என்கிறார். எனக்கு இருக்கிறது.

நீ வராதே. வந்தால் அவர் எழுந்து உட்கார்ந்து உன்னோடு சிரித்துப் பேசுவார். மன்னித்தும் விடுவார். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க என்னால் ஆகாது.

எர்மினியா