ஏழாம் வலை

ஈப்போ
4 நவம்பர் 2024

திரு. சில்வெஸ்டர் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. அப்பாவின் அடக்கத்துக்கு நீங்கள் வராத அன்றே உங்கள் எண்ணைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டேன். தாப்பாவில் உள்ள உங்கள் வீட்டு முகவரிதான் மிச்சம் இருந்தது. அதனால் தபால்.

சனிக்கிழமை கல்லறைத் திருநாளுக்கு நானும் செமோர் ரப்பர் தோட்டத்துக் கல்லறைக்கு வந்திருந்தேன். அப்பாவின் கல்லறையைப் பெருக்கி, இலையை இரண்டு கையாலும் அள்ளிப் பக்கத்தில் இருந்த என் வலையில் போட்டீர்கள். என் கண்ணால் பார்த்தேன். அது குப்பைக்கூடை இல்லை. பால்மரத்திலிருந்து தானாக விழும் இலையைப் பிடிக்கக் கட்டியது. அப்படிப் பன்னிரண்டு வலைகள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இலையை எடுத்துக் காயவைத்து நிறுக்கிறேன்.

அந்தத் தோட்டத்தை மூடி இருபத்தைந்து வருடம் ஆகிறது. ஒரு பிடி உரம் போட்டவர் கிடையாது. மரங்கள் உதிர்த்த இலையே மட்கி, அதிலுள்ள சத்து மறுபடி வேருக்குப் போகிறது. எவ்வளவு விழுகிறது, எவ்வளவு திரும்புகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. டிசம்பரில் ஒப்படைக்க வேண்டும்.

அப்பா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தார். அப்போது வராதவர், ஊரே பார்க்கிற நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு துடைப்பம் பிடிக்க வந்துவிட்டீர்கள். எத்தனை முறை இப்படிச் செய்தீர்கள்? அதற்கு மட்டும் பதில் போதும்.

மெலிண்டா


தாப்பா
11 நவம்பர் 2024

டாக்டராகப் போகிற அம்மையாருக்கு,

கல்லறைத் தோட்டத்தில் இலையை எரிக்கக் கூடாது என்று மாதா கோயில் கமிட்டியில் சண்டை போட்டு எழுதி வாங்கியது நீதான். எரிக்கவும் கூடாது, வெளியே கொட்டவும் கூடாது. பிறகு அப்பாவின் கால்மாட்டில் ஒரு வலையைக் கட்டி, ஆங்கிலத்தில் உன் பெயரைப் போட்டுப் பலகை வைத்தால் மனிதன் என்ன நினைப்பான்? குப்பை போடத்தான் தங்கச்சி ஏற்பாடு செய்திருக்கிறாள் என்றுதான் நினைப்பான்.

இரண்டு தலைமுறை அந்த மரங்களில் பால் வெட்டிய குடும்பம் நம்முடையது. இலை மட்குவதைப் படிக்க உனக்குப் பல்கலைக்கழகம் வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு ஏன் வரவில்லை என்று நீ கேட்காதே. பிரமிளாவை இந்துக் கோயிலில் தாலி கட்டிக் கூட்டி வந்த அன்று, “எஞ் சாவுக்கும் நீ வரக்கூடாது” என்று அப்பா சொன்னபோது பக்கத்தில்தான் நின்றாய். வாயைத் திறந்தாயா? அவர் சொன்னதைத்தான் செய்தேன்.

எத்தனை முறை என்றால், அன்று ஒருநாள்தான். வாராவாரம் வந்து பெருக்க எனக்கு வேறு வேலை இல்லையா?

சில்வெஸ்டர்


ஈப்போ
18 நவம்பர் 2024

திரு. சில்வெஸ்டர் அவர்களுக்கு,

ஒருநாள்தான் என்றால் நான் பிழைத்தேன். அந்த ஒரு எடையை மட்டும் நீக்கிவிடலாம்.

நீங்கள் கை வைத்தது ஏழாம் வலை; கல்லறைத் தோட்டத்தில் இருப்பது அது ஒன்றுதான். மற்ற வலைகளில் நாற்பது கிராம் விழுந்தால் அதில் நூற்றிருபது. பதினான்கு மாதமாகப் பெரும்பாலும் இப்படித்தான். கோடரி படாத கல்லறைத் தோட்டத்து மண் வளமானது, அதனால் மரமும் அதிகம் கொடுக்கிறது என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். என் ஆய்வின் உயிர் அதில்தான் இருக்கிறது. பேராசிரியர் முதன்முறையாக என்னைப் பாராட்டியதும் அதற்காகத்தான்.

அதனால் உங்கள் வாய்வார்த்தை போதாது. நவம்பர் இரண்டாம் தேதி தவிர வேறு எந்த நாளும் வலையில் இலை போடவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். கல்லறையை நவமணி சித்தி பெருக்கிக் கவனித்துக்கொள்கிறார். அவருக்கு இருக்கும் அக்கறை பெற்ற மகனுக்கு இல்லை. இனி நீங்கள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

மெலிண்டா


தாப்பா
25 நவம்பர் 2024

மெலிண்டாவுக்கு,

கேட்டபடி தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பட்டத்தை வாங்கிக்கொள். இனி எனக்கு எழுதாதே.

சில்வெஸ்டர்


ஈப்போ
9 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஒரு கேக் வாங்கிக்கொண்டு நவமணி சித்தி வீட்டுக்குப் போனேன். கல்லறையைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி சொன்னேன். அவர் கேக்கைத் தள்ளி வைத்துவிட்டார்.

“நான் எங்கடி குனிஞ்சு பெருக்கறது, முட்டி வலி. எல்லாம் ஒங்கண்ணந்தான். சனிக்கெழமையானா தாப்பாவிலேருந்து மோட்டார்சைக்கிள்ல வந்துருவான். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்லா. ‘சாவுக்கு வராதேன்னாரு, வரல. கல்லறைக்கு வராதேன்னு சொல்லலியே சித்தி’ன்னான். நான் என்னத்தச் சொல்ல.”

கல்லறையின் அளவு என் வலையைப்போல் இரண்டு மடங்கு. வலையில் தானாக விழுந்தது ஒரு பங்கு, நீங்கள் அள்ளிப் போட்டது இரண்டு பங்கு. ஆகமொத்தம் மூன்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூட்டுகிற கணக்கு எனக்குப் பதினான்கு மாதம் தோன்றவில்லை. மண்ணின் வளம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் கையெழுத்துத் தாளைக் கிழித்துவிட்டேன். நான் பட்டம் வாங்க நீங்கள் பொய்க் கையெழுத்துப் போடுவீர்கள், நான் வாங்கிக்கொள்வேன் என்று நினைத்தீர்களே, அதற்கு உங்களை நான் மன்னிக்கப் போவதில்லை. பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அத்தியாயம் போய்விட்டது. ஒப்படைப்பது ஆறு மாதம் தள்ளிப் போகிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் நாலு வார்த்தை பேசியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. நீங்களும் பேசவில்லை, அன்றைக்கு அப்பாவின் பக்கத்தில் நின்று நானும் பேசவில்லை.

இன்னொன்று. நீங்கள் சுத்தமாகப் பெருக்கிப் பெருக்கிக் கல்லறை மேட்டில் மண் இறுகிவிட்டது. மழை பெய்தால் ஓரம் கரைகிறது. சிலுவையையும் பாதையையும் மட்டும் பெருக்குங்கள். மேட்டின்மேல் விழுந்த இலை கிடக்கட்டும். மிச்சத்தை மரத்தடியில் போடுங்கள். ஏழாம் வலையைக் கழற்றிவிட்டேன்.

நேற்று எடை நோட்டை முதலிலிருந்து பார்த்தேன். நான் வலை கட்டிய முதல் வாரத்திலிருந்தே நீங்கள் வந்திருக்கிறீர்கள். பிப்ரவரியில் மரம் மொட்டையாகி நாலே இலை விழுந்தபோதும் வந்திருக்கிறீர்கள். போன ஜூன் மாதம் மட்டும் ஏழாம் வலையும் மற்ற வலைகளும் ஒரே எடை. நான்கு வாரம் வரவில்லை.

ஜூனில் உங்களுக்கு உடம்புக்கு என்ன அண்ணே?

தங்கை
மெலிண்டா