டிரம்முக்குள் உங்கள் கடைசிப் படம்

என்னங்க, என் கோபக்கார மனுஷரே,

சொல்லாமல் கொள்ளாமல் ஆண்டவரிடம் போய்விட்டீர்கள். ஒரே காட்சியை எப்போதும் இரண்டு தடவை எடுப்பீர்களே, தாள் தாளாக வரும் அந்த இரண்டு கட் ஃபிலிமையும் கழுவாமல் கேமரா ஹோல்டரிலேயே விட்டுப் போனீர்களே, அதை யார் தலையில் கட்டலாம் என்று நினைத்தீர்கள்?

நம் பழைய சர்ச் இப்போது இல்லை. இடித்துவிட்டு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். கடைசி ஆராதனை முடிந்து சபையே பீடத்துக்கு முன்னால் நின்றதே, அந்தப் படம் உங்கள் பெரிய கேமராவில் மட்டும்தான் இருந்தது. "படம் எடுத்தாரா, சும்மா கறுப்புத் துணிக்குள்ள தலைய வுட்டுக்கினு நின்னாரா?" என்று யாரோ கேட்டார்களாம். வயிறு எரிந்தது எனக்கு. நீங்கள் கடைசியாகச் செய்த வேலை அது. வராமல் போனால் உங்கள் பேர் என்ன ஆவது?

சென்னை லேபில் விசாரித்தேன். "இந்த சைஸ்லாம் இப்ப யாரும் கழுவறதில்லம்மா" என்று போனை வைத்துவிட்டார்கள்.

நீங்கள் தட்டில் போட்டுக் கையாலேயே கழுவுவீர்கள். பக்கத்தில் நின்று நிமிஷம் சொன்னவள் நான்தான். ஆனால் அந்தக் கும்மிருட்டில் உங்கள் விரல் என்ன செய்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் பரணிலிருந்து, கலர் பிரிண்ட் போடுகிற அந்தக் குழாய் மாதிரி டிரம்மை இறக்கினேன். "அது பேப்பருக்கு வாங்கினதுடி!" என்று கத்துவீர்கள். கத்துங்கள். ஃபிலிமை உள்ளே போட்டு மூடும்வரைதான் இருட்டு வேண்டும். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு, வெளிச்சம் புகாத அதன் வாய் வழியாக மருந்தை ஊற்றி உருட்டிக்கொண்டே இருக்கலாம். என் கையை நான் பார்க்கலாமே!

உங்கள் தம்பி டேனியல் மீன் கடையில் ஐஸ் வாங்கி வந்தான். வெயிலில் கொதித்துக் கிடந்த டெவலப்பர் மருந்தை அதில் வைத்துக் குளிரவைத்தோம். முதல் ஃபிலிமைப் போட்டு டார்க் ரூம் தரையிலேயே உருட்டினேன்.

திறந்தால் பாதிப் படம்தான். பீடம் இருக்கிறது, வலது பக்கத்து ஜனங்கள் ஆவி மாதிரி வெளுத்துக் கிடக்கிறார்கள்.

"என்ன அண்ணி, பாதிதான் வந்துக்குது! இன்னொன்ன தொடாதீங்க. யார்கிட்டனா குடுத்துடலாம்."

"யாருடா இருக்கான் குடுக்க? வாய மூடுடா!" பாவம், அவன் மேல்தான் பாய்ந்தேன்.

அப்போதுதான் தரையில் சிந்திய தண்ணீர் மூலையைப் பார்த்து ஓடுவது கண்ணில் பட்டது. தண்ணீர் வடியட்டும் என்று நீங்கள்தானே தரையைச் சரிவாகப் போடச் சொன்னீர்கள்! மருந்தெல்லாம் டிரம்மின் ஒரு கோடியில் போய்த் தேங்கியிருக்கிறது.

இரண்டாவதற்குச் சாப்பாட்டு மேசை. ஒரு சொம்புத் தண்ணீரை மேலே கொட்டி, அது ஓடாமல் நிற்கும்வரை காலுக்கடியில் பேப்பரை மடித்து மடித்து வைத்தோம். இருட்டில் ஃபிலிமை எடுத்து டிரம்முக்குள் நுழைத்தேன். ஆண்டவரே, இதை விட்டால் வேறு இல்லை என்று வாய்விட்டே சொன்னேன். மூடினேன். மேசைக்குக் கொண்டுவந்து உருட்டினேன். டேனியல் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டெவலப்பரைக் கொட்டிவிட்டு, படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவை ஊற்றினேன்.

திறந்தேன். ஃபிலிமின் முதுகு முழுக்க ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை! உயிரே போய்விட்டது. முதுகுப்பக்கம் டிரம் சுவரில் ஒட்டியிருந்ததால் ஹைப்போ அங்கே போகவில்லையோ என்று பிறகுதான் தோன்றியது. தட்டில் ஹைப்போவை ஊற்றி அதில் போட்டு ஆட்டினேன். கறை மெல்ல மெல்லக் கரைந்து போனது.

டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தோம். எல்லோரும் இருந்தார்கள். ஒருத்தர் விடாமல், ஊசி முனை போலத் துல்லியமாக. ஒரே ஒரு முகம்தான் கலங்கியிருந்தது.

"அய்யோ, உங்க மூஞ்சி மட்டும் ஆடிப்போச்சே அண்ணி. போட்டோக்காரர் வீட்டம்மாவே ஆடிட்டாங்கன்னு சிரிக்கப்போறாங்க."

அவனுக்கு என்ன தெரியும்? எல்லோரும் மூச்சைப் பிடித்து நிற்க, அசையாதீர்கள் என்று கையைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து மட்டும் கண்ணடித்தீர்களே! பாஸ்டரை வைத்துக்கொண்டு, பீடத்துக்கு எதிரே நின்று! என்ன மனுஷரோ நீங்கள். சிரிக்காமல் நான் என்ன செய்வேன்?

பிரிண்டில் என் முகத்தைக் கொஞ்சம் டச்சப் செய்துவிடச் சொல்கிறார் பாஸ்டர். மாட்டேன். புதுச் சர்ச் சுவரில் அப்படியேதான் மாட்டுவேன். ஞாயிறுதோறும் போய் அதற்கு எதிரில், கேமராவோடு நீங்கள் நின்ற பக்கத்தில் நிற்பேன்.

உங்கள் பொண்டாட்டி,
எஸ்தர்