முன்முனைக்கு மட்டும் வாங்கிய உரிமை

மரக்காணம்

அன்பு மகள் மெர்லினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ சுகமா என்று வழக்கமாக முதலில் கேட்பேன், இன்றைக்குக் கோபம் ஆறிய பிறகு கேட்கிறேன். போனில் பேசினால் நடுவில் புகுந்து சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதமாக எழுதி, உன் தம்பி ரெக்ஸிடம் கொடுத்து வாட்சப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். இங்கே மழை விடவில்லை, உப்பளம் முழுக்கத் தண்ணீர். வேலையில்லாமல் அப்பா வீட்டில் உட்கார்ந்து என் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் நீ என்ன சொன்னாய்? "நான் செஞ்சதை மூணு பேரு காப்பி அடிச்சிட்டாங்கம்மா, கம்பெனி கேஸ் போட்டிருக்குது" என்று அழாத குறையாகச் சொன்னாய். மறுநாளே மாதா கோயிலுக்குப் போய், பூசையில் எதற்காக வேண்ட வேண்டும் என்று கருத்து எழுதிக் கொடுத்தேன். ஜெர்மனியில் மெர்லினின் கண்டுபிடிப்பைத் திருடியவர்கள் தோற்க வேண்டும் என்று சாமியார் அதை அப்படியே மைக்கில் வாசித்தார், சபை முழுக்க எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது.

இப்போது மிச்சக் கதையை ஒன்றுமே நடக்காத மாதிரி சொல்கிறாய். செய்தி கொண்டுபோகும் கண்ணாடி இழையில் தூரம் போகப் போக வெளிச்சம் மங்கும், அதற்கு இன்னொரு வெளிச்சத்தை ஏற்றித் தெம்பு கொடுப்பது உன் கருவி. நீ ஏற்றுவது முன்முனையில், அந்த மூன்று பேர் ஏற்றுவது பின்முனையில். உங்கள் கம்பெனி எந்த முனையானாலும் எங்களுக்கே என்றுதான் முதலில் கேட்டதாம். பின்முனை வேறொருவர் எப்போதோ செய்தது, தர முடியாது என்று பேட்டன்ட் ஆபீசில் சொன்னதும், முன்முனை மட்டும் போதும் என்று எழுதிக்கொடுத்து உரிமை வாங்கினார்களாம். இன்றைக்குப் பின்முனையும் அதற்குள் அடக்கமாம்! வாங்கும்போது ஒரு பேச்சு, வழக்குப் போடும்போது ஒரு பேச்சா? வாய்க்கால் வேண்டாம் என்று சொல்லி உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்துவிட்டு, பிறகு வாய்க்காலும் எனக்கே என்று மதகை அடைத்தானே நம்ம ஊர் அப்பாவு, அவனை ஊரே எப்படித் திட்டியது என்று மறந்துவிட்டாயா?

இரண்டு முனையும் அப்போதே என் மனதில் இருந்தது என்று கோர்ட்டில் உன்னைச் சொல்லச் சொல்கிறாராம் உங்கள் கம்பெனி வக்கீல். "மனசுல இருந்ததை யாரு பாக்கப் போறாங்கம்மா" என்கிறாய் நீ. அந்த மூன்று பேரில் ஒருத்தி கிளாராவாமே. ஜெர்மனிக்குப் போன புதிதில் நீ காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சூப் ஊட்டினவள். தோற்றால் அவர்கள் தொழிலையே மூட வேண்டும். அவளைத் திருடி என்று என் கையால் எழுதவைத்துவிட்டாயே! "கம்பெனி பேச்சைத் தட்டினா நம்ம புள்ள வேலை போயிடும்டி" என்று அப்பா உனக்குப் பரிந்து பேசினார். போகட்டும் என்றேன்.

ஒப்புக்கொடுத்த பூசையைத் திரும்ப வாங்க முடியுமா என்று சாமியாரிடம் கேட்டேன். "அது முடியாதும்மா, வேணும்னா இன்னொண்ணு குடுங்க" என்றார். கொடுத்துவிட்டேன், வருகிற ஞாயிறு கிளாராவுக்காகப் பூசை. மற்ற இரண்டு பேர் பெயரையும் மறக்காமல் அனுப்பு. குளிருக்குக் காதை மூடிக்கொள், ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே, மாதா உன்னைக் காப்பாற்றட்டும். புதன்கிழமை கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி சொன்னால் உன் பெயரையும் அவர்களோடு சேர்த்து வாசிக்கச் சொல்வேன். இல்லையென்றால் உனக்குத் தனியாக ஒரு பூசை வைக்க வேண்டியிருக்கும், அதற்கு என்ன கருத்து எழுதுவது என்று நீயே சொல்லு.

இப்படிக்கு,
இன்னும் நீ சுகமா என்று கேட்காத அம்மா,
சகாயமேரி