மூன்றாவது சிடியின் கடைசிப் பதினோரு நிமிடம்

அத்தைக்கு,

நேற்று பெருமாநல்லூர் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அக்கா மேல் கறை எடுக்கிற மருந்து வாசம் அடித்தது. பனியனில் எண்ணெய்க் கறை பட்டால் துப்பாக்கி மாதிரி ஒன்றில் ஊற்றிச் சீறி அடிப்பீர்களே, அந்த வாசம். பெட்ரோலும் நெயில் பாலிஷும் ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி இருக்கும். தினம் சாயங்காலம் நீங்கள் ஊட்டுக்குள் வருவதற்கு முன்னால் அது வரும். நான் அந்த அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. என் ஸ்டாப்பை விட்டுவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

நாலு மாசமாக இப்படித்தான் இருக்கிறேன். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி. தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை. வலி வருவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

எனக்கு ஆறு வயசு இருக்கும்போது, உங்களைக் கட்டிக்கொடுத்த ஊட்டிலிருந்து ஒரு சூட்கேஸோடு உங்கள் அண்ணன் ஊட்டுக்குத் திரும்பி வந்தீர்கள். அடுத்த திங்கட்கிழமையே எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்விட்டீர்கள். தைத்து வருகிற பனியனில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. நான் வளர்ந்து வாய் முளைத்த பிறகு, ஊட்டிலும் அதே வேலையைத்தானே பார்க்கிறீங்க, இங்கே மட்டும் ஏன் இலவசம் என்று கேட்டேன். “இங்க ஒரே ஒரு பீஸு கண்ணு. அதையும் ரிஜெக்ட் பண்ண உங்கொம்மா விட மாட்டேங்கறா” என்றீர்கள். பதிலுக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆள் ஊட்டில் நீங்கள் ஒருத்தர்தான். மற்றவர்கள் திட்டுவார்கள், நீங்கள் திருப்பி அடிப்பீர்கள். தப்பைக் காட்ட ஒட்டுகிற அம்பு ஸ்டிக்கரை உங்கள் பையிலிருந்து எடுத்து, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் வழுக்கையில் நான் ஒட்டிவைத்த அன்றைக்கு அம்மா விளக்குமாற்றைத் தேடினார். நீங்கள் கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டு, இடம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக் குளிக்கப் போனீர்கள்.

அந்த மூன்று சிடிகள் உங்களுக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். சரக்கு கப்பலுக்குப் போகுமுன் சோதிக்க வருகிற வெளிநாட்டு அம்மா ஒருவர், இனி வர மாட்டேன் என்று விடைபெற்றுப் போகும்போது, கை குலுக்கி உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளைப் பெட்டி. உள்ளே ஒரு ஓபரா, மேடையில் பேச்சே இல்லாமல் பாடிக்கொண்டே நடிக்கிற நாடகம். அதை எழுதினவர் கொஞ்சூண்டு இசையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நடத்துகிற ஆள், அவசரப்பட்டால் ஒன்றும் கேட்காது என்று அந்த அம்மா சொன்னதாக கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் உங்களுக்குத் தமிழில் சொன்னாராம். பெட்டியோடு இருந்த சின்னப் புத்தகம் எங்களில் யாருக்கும் தெரியாத பாஷை. அதில் ஒரே ஒரு படம்: ஒரு பொம்பளை முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை என் கம்ப்யூட்டரில் போட்டோம். நாலே நாலு சுரம். அதையே அந்தப் பொம்பளை பாடுகிறாள், பாடுகிறாள், பாடிக்கொண்டே இருக்கிறாள். பத்து நிமிஷம் பொறுத்த அம்மா, தட்டு தேய்ந்து மாட்டிக்கொண்டது, கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். நான், பாட்டுக்கு விக்கல் எடுத்திருக்கிறது, தண்ணி கொடுங்கள் என்றேன். அப்புறம் சொன்னதுதான் நம் ஊட்டில் ரொம்ப நாள் ஓடியது: “அத்தை, இது ஓபரா இல்லீங்க, ஒப்பாரிங்க.”

“ஒப்பாரிக்கு ஆள் சாகோணும் கண்ணு. இவ யாரோ வருவாங்கன்னு உக்காந்திருக்கறா” என்றீர்கள்.

எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, முதுகைப் பார்த்தாலே தெரிகிறது என்றீர்கள். தூரத்தில் எங்கேயோ ஒரு ஆண் குரல் எப்போதாவது கேட்கும், வருகிற மாதிரி இருக்கும், நின்றுவிடும். அவன் வந்து சேர்கிறானா இல்லையா என்பது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் கடைசிக்குத் தாண்டிப் போய்க் கேட்க மாட்டீர்கள். பனியன் கட்டுக்குள் இருக்கிற பீஸை ஒன்று விடாமல் வரிசையாகத்தான் பார்க்கணும், நடுவில் உருவக்கூடாது. முதல் சிடியை ஏழெட்டு ஞாயிறு கேட்டீர்கள். அது கைக்கு வந்த பிறகுதான் இரண்டாவது. நின்றுகொண்டேதான் கேட்பீர்கள். வேலையில் நாள் முழுக்க நிற்கிறீர்களே, உட்காரலாமே என்றால், உட்கார்ந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பீர்கள். காதால் கேட்பதற்குக் கண் எதற்கு என்று நான் மடக்கியபோது சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தீர்கள். உங்கள் விரல்கள் மேஜை விளிம்பில் கழுத்து, தோள், கை, அடி மடிப்பு என்று எதையோ திருப்பிக்கொண்டே இருக்கும். திடீரென்று நிறுத்தி, “இப்ப மாறிருச்சு” என்பீர்கள். எனக்கு ஒரு மண்ணும் மாறியிருக்காது. சிடியைப் பின்னால் தள்ளிக் கேட்டால் மாறித்தான் இருக்கும். நாலு சுரத்தில் ஒன்று அரை மூச்சு தள்ளி விழுந்திருக்கும்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தடவையாவது உங்களை ஏமாற்றிப் பார்க்கணும்.

மூன்றாவது சிடியை நீங்கள் இன்னும் தொட்டிருக்கவில்லை. கேட்ட இடத்தில் மாற்றினால் பிடித்துவிடுவீர்கள். கேட்காத இடத்தில் மாற்றினால் எதோடு ஒப்பிடுவீர்கள்? கம்ப்யூட்டரில் ஏற்றி, கடைசிப் பதினோரு நிமிஷத்தை நானும் கேட்காமலே வெட்டினேன். அதற்கு முன்னால் அவள் தனியாகப் பாடுகிற பன்னிரண்டு விநாடியை எடுத்து, அந்தப் பதினோரு நிமிஷமும் நிறையும்வரை ஒட்டி ஒட்டி நிரப்பினேன். மொத்த நேரம் ஒரு விநாடி கூட மாறவில்லை. புது சிடியில் எழுதி, ஒரிஜினலின் மேல்படத்தைக் கலர் பிரிண்ட் எடுத்து மேலே ஒட்டினேன். லேபிள் மாற்றுவது நம் ஊரில் என்ன புதுசா என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். ஒரிஜினல் என் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டுக்குள் போனது.

என் திட்டம் இதுதான். அவன் வரவே இல்லை, கதை அவ்வளவுதான் என்று நீங்கள் அம்மாவிடமும் கம்பெனியிலும் ஒரு வாரம் விளக்கம் சொல்லணும். அடுத்த ஞாயிறு நான் நிஜ முடிவைப் போடணும். உங்கள் முகத்தைப் பார்க்கணும்.

நீங்கள் கேட்டீர்கள். நின்றுகொண்டே, கடைசிவரை. கடைசிப் பதினோரு நிமிஷம் உங்கள் விரல் அசையவே இல்லை, நான் கதவோரத்தில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்தது. என்னைப் பார்த்தீர்கள். எப்படிங்க அத்தை இருந்தது என்று கேட்டேன். “ம். டீ வெக்கட்டுமா?” என்றீர்கள்.

யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. நீங்கள் சொன்னால்தானே நான் உடைக்க முடியும்? அடுத்த ஞாயிறும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. இன்னொரு வாரம் பார்க்கலாம் என்று விட்டேன். அப்புறம் இன்னொரு வாரம். மூன்று நாளாகத் தலைவலி என்றீர்கள், டியூப் லைட் வெளிச்சம்தான் காரணம் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குச் செக்கிங் மேஜைக்கு முன்னால் நின்றபடியே விழுந்தீர்கள். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து சித்தப்பா என்னைக் கூட்டிவந்தார். வழியில் நான் மூன்று முறை அவர் வண்டியின் பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன்.

வாசலில் பந்தல் துணி நீலமும் வெள்ளையும். உள்ளே பெரியவர்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்கள். நான் சொன்ன ஜோக் நினைவுக்கு வந்தது. வந்தும் ஒன்றும் ஆகவில்லை. எத்தனை தடவை சொல்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வரை எண்ணினேன், அப்புறம் தூக்கிவிட்டார்கள்.

பதினாறாம் நாள் செல்வமேரி அக்கா வந்தார். உங்கள் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். உங்கள் டிபன் டப்பா, இன்ச் டேப், நூல் வெட்டுகிற கட்டர் மூன்றையும் ஒரு பாலிதீன் பையில் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தண்ணி வேண்டும் என்று சொல்லி என்னைச் சமையல்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“தம்பி, சிடியில என்னமோ வேல காட்டுனியாமே?”

நான் டம்ளரைப் பார்த்தேன்.

“உங்க அத்த மறுநாளே வந்து சொன்னாவ. ஒரே மூச்சு அம்பத்தஞ்சு தடவ ஒரே எடத்துல வருது மேரி, மனுஷி அப்படி மூச்சு விடமாட்டா, இது எம் மருமவன் தச்சதுன்னு.”

கோபமாகச் சொன்னார்களா என்று கேட்டேன். சிரித்ததாகச் சொன்னார். பையனைப் பிடித்துக் கேட்கவேண்டியதுதானே என்று இவர் கேட்டதற்கு, ஆல்டர் பீஸை மேஜை ஓரத்தில் வைத்திருக்கிறேன், அவனே வந்து எடுப்பான் என்றீர்களாம். எனக்குப் புரியவில்லை என்று பார்த்துச் செல்வமேரி அக்காவே விளக்கினார். தப்பான பீஸ் வந்தால் மற்ற மேஜைகளில் யார் தைத்தது என்று லைன் முழுக்கக் கேட்கக் கத்துவார்களாம். நீங்கள் மட்டும் அதை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பீர்களாம். தைத்தவருக்குத் தன் தையல் தெரியும். டீ நேரத்தில் ஆள் பார்க்காதபோது அவரே வந்து, “இது என்றதுங்க”, என்னுடையதுதான், என்று சொல்லி எடுத்துப்போய்ப் பிரித்துத் தைத்துக்கொண்டு வருவாராம். உங்கள் மேஜையில் யாரும் எடுக்காமல் ஒரு பீஸும் கிடந்ததில்லை என்றார்.

அப்போதுதான் உறைத்தது. முதல் இரண்டு சிடிகளும் கேட்ட கையோடு பெட்டிக்குள் போய்விட்டன. மூன்றாவது மட்டும் கம்ப்யூட்டர் மேஜையின் ஓரத்தில் மூன்று வாரம் கிடந்தது. எதையும் எடுத்த இடத்தில் வைக்கிற நீங்கள். தினம் அதை நகர்த்திவிட்டுத்தான் நான் கீபோர்டை இழுத்தேன்.

இது என்றதுங்க, அத்தை. நான்தான் தைத்தேன்.

டீ நேரம் முடிந்து நாலு மாசம் ஆகிறது, தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், அத்தைக்குப் பிடித்திருந்தது, அவ்வளவு போதும் என்பார். இந்த ஊரில் இரண்டு முடிவும் கேட்டவன் நான் ஒருத்தன். ஓடுகிற எந்த மெஷினுக்குப் பக்கத்தில் போனாலும் எங்கே மாறுகிறது என்று என் காது தேடுகிறது. நான் கேட்டு வாங்கின காது இல்லை. ஜோக்கெல்லாம் இப்போதும் வருகிறது. வாய்வரை வந்து, எதிரே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது.

போன ஞாயிறு ஊட்டில் யாரும் இல்லாதபோது பிசிக்ஸ் நோட்டிலிருந்து ஒரிஜினலை எடுத்துப் போட்டேன். நின்றுகொண்டே கேட்டேன். நீங்கள் கேட்காத இடத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் நாலு நிமிஷம் அவள் தனியாகத்தான் பாடுகிறாள். சுற்றி இருக்கிற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக எழுந்து போகின்றன. ஐந்தாவது நிமிஷத்தில் அந்த ஆண் குரல் தூரத்தில் கேட்கிறது. வழக்கம்போல நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கிட்டே வருகிறது. வந்துவிட்டான் அத்தை. அவளுடைய அதே நாலு சுரத்தை அவளோடு சேர்ந்து பாடுகிறான். முதலில் பொருந்தவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிடித்து ஒன்றாகிறார்கள். பத்தாவது நிமிஷம் ஒரே குரல் மாதிரி இருக்கிறது. அப்புறம் அவள் நிறுத்திவிடுகிறாள், பாதிச் சுற்றில், சொல்லாமல். அவனுக்கு அது தெரிந்ததா தெரியவில்லை. தனியாக இன்னும் நாலு சுற்றுப் பாடுகிறான். எண்ணிப் பார்த்தேன். நாலிலும் மூச்சு வேறு வேறு இடத்தில் வருகிறது.